கிழங்குக் குழியும் அமுக்கு டார்ச்சும்

போன குளிர்காலத்தில் யெஃபிமின் உருளைக்கிழங்கு மொத்தமும் உறைந்து போயிற்று. உறைந்த கிழங்கு முதலில் இனிக்கும். ஏதோ கல்யாண வீடு போல ஒரு வாரம் குடும்பமே தித்திப்புக் கிழங்கு தின்றது. பிறகு அது கறுத்தது, தொட்ட இடத்தில் நீர்விட்டது, நாறியது. மீதிக் குளிர்காலம் தவிட்டுக் கஞ்சியில் கழிந்தது. ரஷ்யாவின் வெர்க்னி லோக் ஊரில் கிழங்கை உறையவிட்டவன் என்ற பெயர், பெண்டாட்டியை ஓடவிட்டவன் என்ற பெயரைவிட மோசம். ஓடினவளாவது ஒருநாள் திரும்பி வரலாம்.

சூடு கண்ட பூனை அடுப்படி சேராது என்பார்கள். யெஃபிம் குளிர் கண்ட பூனை. இந்த வருடம் அவர், ஏணி வைத்து இறங்குகிற தன் கிழங்குக் குழியை மூடிய அழகைப் பார்க்க, ரயில் பாதைக்கு அப்பால் சரிவில் குழி வைத்திருந்தவர்களெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். கீழ்மூடி. அதன்மேல் பழைய மெத்தை. அதன்மேல் மரத்தூள் மூட்டை. அதன்மேல் மேல்மூடி. போதாதென்று ஒரு கம்பளி, கம்பளிமேல் குதிரைச் சாணம். எல்லாம் முடிந்தபின், குழி மூச்சுவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்த தகரக் குழாயின் வாயில் தன் பழைய பஞ்சுச் சட்டையைப் பொத்தானோடு சுருட்டி, மண்வெட்டிக் காம்பால் குத்திக் குத்தி இறக்கினார்.

"என்ன குஸ்மிச், கிழங்கப் புதைக்கிறியா, தலைவர் யாரையாவது புதைக்கிறியா?" என்றார் அடுத்த குழிக்காரர் நிக்கனோர். இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே பட்டறையில் கிழடானவர்கள். யெஃபிமை அவர் அப்பன் பெயரை வைத்துக் குஸ்மிச் என்றுதான் ஊரில் அழைப்பார்கள்.

"தலைவர்னா இவ்வளவு கவனமா மூட மாட்டேன்."

கூட்டம் சிரித்தது. அவர் மனைவி கிளாஷா சிரிக்கவில்லை.

"ஏய்யா, இப்பவே எதுக்குக் குழாய அடைக்கிற? கிழங்கு ஈரத்தோட இறங்கியிருக்கு. உள்ள வேர்க்கும்."

"வேர்த்தா தொடைச்சுக்கும். உறைஞ்சா என்ன பண்ணும்?"

ஈரத்தோடு இறங்கியதும் அவர் கைங்கரியம்தான். செப்டம்பர் முழுக்க மழை. தோண்டிய கிழங்கைக் கொட்டகையில் பரப்பி, தோல் இறுகக் காயவிட்டுத்தான் இறக்கவேண்டும் என்று கிளாஷா தலையால் அடித்துக்கொண்டாள். முதல் பனி தரையில் வெள்ளையாகத் தெரிந்த காலையில் யெஃபிமுக்குப் போன வருடம் கண்ணுக்குள் வந்து நின்றது. அன்று மாலைக்குள் அத்தனையும் குழிக்குள் இருந்தது. கிளாஷாவால் முடிந்தது ஒன்றுதான். குழிக்குள்ளிருந்த மூன்று தொட்டிகளில் ஒன்றன்மேல் மட்டும் பீட்ரூட்டை நெருக்கமாக அடுக்கினாள். உருளை விடும் வேர்வையைப் பீட்ரூட் குடித்துக்கொள்ளும். மற்ற இரண்டுக்கும் பீட்ரூட் போதவில்லை.

அந்தக் குழியை நம்பி ஐந்து வாய்கள். யெஃபிம், கிளாஷா, மகன் ரோதியோன், அவன் மனைவி, இரண்டு வயதுப் பேத்தி. ஆலையில் ரோதியோனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யெஃபிமை அனுப்பவில்லை, சம்பளத்தை மட்டும் நிறுத்திவிட்டார்கள். பட்டறையில் என்ன செய்தார்களோ அதையே கூலியாக அள்ளிக் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது டார்ச். மின்கலம் வேண்டாத, கைக்குள் பிடித்து அமுக்க அமுக்க எரிகிற டார்ச். அமுக்கினால் ர்ர்ர் என்று கத்தும், விட்டால் இருண்டுவிடும். மூட்டை நிறைய டார்ச்சோடு வீடு திரும்பிய அன்று யெஃபிம் சொன்னார், "ஊர்ல யாருக்கும் இனி இருட்டு பயம் இல்ல. வயிறு மட்டும்தான் பயப்படும்."

அந்த டார்ச் வந்ததும் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதுவரை குழி மூடியின் அடியில் ஓர் ஆணியில் தகர டப்பா ஒன்று தொங்கும். அதில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருக்கும். திறந்ததும் மெழுகுவர்த்தியை ஏற்றி, வாளியில் நிறுத்தி, கயிற்றில் கீழே விடுவார்கள். சுடர் நின்றால் இறங்கலாம். அணைந்தால் உள்ளே காற்று கெட்டிருக்கிறது, இறங்கக்கூடாது. அப்புறம் அதே மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் கிழங்கு பொறுக்குவார்கள். ஒன்றே இரண்டு வேலை பார்த்தது. ஊரில் மின்சாரம் அடிக்கடி போனதால் டப்பாவிலிருந்த மெழுகுவர்த்தி வீட்டுக்குப் போயிற்று. குழிக்குத்தான் டார்ச் இருக்கிறதே. இரண்டு வேலையில் ஒன்றை மட்டும்தான் டார்ச் பார்க்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டார்ச் எந்தக் காற்றிலும் எரியும்.

டிசம்பர் கடுங்குளிராக இருந்தது. எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைந்து வெடிக்கிற சத்தம் கேட்டது. யெஃபிம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஜனவரி நடுவில் காலம் தலைகீழாகத் திரும்பியது. பனிமேல் மழை பெய்தது. கூரைகள் ஒழுகின. இப்படி இளகினால் குழாய் அடைப்பை எடுத்துவிடவேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"குழாய்ல இருந்த சட்டைய எடுத்துட்டியா?" என்று கிளாஷா கேட்டாள்.

யெஃபிம் அடுப்போரம் இடுப்புக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தார். ஆலையில் ஒருமுறை சறுக்கி விழுந்த இடுப்பு அது. வழுக்கும் சரிவில் ஏறி, பனிமேட்டில் கால் பதிய நின்று, குழாய்க்குள் கைவிட்டு இழுக்கவேண்டும். நாளைக்குக் குளிர் திரும்பிவிட்டால் மறுபடி அடைக்கவேண்டும்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு," என்றார். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டார். கணவன்மார்கள் மனைவிமாருக்குச் சொல்கிற 'ஆச்சு'களில் பாதி இந்த ரகம்தான். அதனால் உலகம் அழிந்ததில்லை.

நாளை, நாளை மறுநாளானது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிழங்கெடுக்கப் போனார்கள். ரொட்டிக்கடை வரிசையில் நின்றிருந்த ரோதியோன் பின்னால் சறுக்குவண்டியோடு வருவதாக ஏற்பாடு. யெஃபிம் சாணத்தை விலக்கி, கம்பளியை, மூட்டையை, மெத்தையை இழுத்துப் போட்டார். குழியில் எப்போதும் இறங்குபவள் கிளாஷாதான். அவருக்கு இடுப்பு ஏணிக்கு ஒத்துக்கொள்ளாது. அவர் மேலே உட்கார்ந்து வாளி தூக்குவார், கதை சொல்வார். அவள் கீழேயிருந்து திட்டுவாள். இருபது வருடமாக அந்தக் குழி இப்படித்தான் நிரம்பியது, காலியானது.

கீழ்மூடியைத் தூக்கியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. கிளாஷா இரண்டடி பின்வாங்கினாள்.

"போச்சு. அழுகுது."

"ஒண்ணு ரெண்டு அழுகியிருக்கும்."

"ஒண்ணு ரெண்டு அழுகினா இப்படியா நாறும்? பக்கத்துல இருக்கறத எல்லாம் தின்னுட்டு வருது பாரு. நகரு." வேலைக்குக் கட்டும் முன்துணியை இடுப்பில் இறுக்கினாள்.

யெஃபிமின் கை, பழக்க தோஷத்தில், மூடியடியில் ஆணியைத் தடவியது. டப்பா இருந்தது. திறந்தார். காலி.

"மெழுகுவர்த்தி இல்லையே," என்றார்.

"அதான் இது இருக்கே." அவள் டார்ச்சை ஒருமுறை அமுக்கிக் காட்டினாள். ர்ர்ர். ஏணியில் காலை வைத்தாள். ஒரு கையில் ஏணி, மறு கையில் டார்ச். வெளிச்சம் ஒவ்வொரு படியாகக் கீழே போனது.

"எப்படி இருக்கு?"

"கண்றாவியா இருக்கு. குழாய்ப் பக்கத்துத் தொட்டி பூராக் கஞ்சி. ஏய்யா, நான் அப்பவே சொன்னேனே வேர்க்கும்னு. யாரு கேட்டா?"

"சரி சரி. நல்லத முதல்ல பொறுக்கு."

"பொறுக்கத்தான் போறேன். உன்னையும் சேத்துப் பொறுக்கி எறியணும்."

ர்ர்ர். பார்ப்பாள். சத்தம் நிற்கும், இரண்டு கையாலும் பொறுக்குவாள். மறுபடி ர்ர்ர். யெஃபிமுக்கு நிம்மதியாயிற்று. திட்டு வந்துகொண்டிருந்தால் வீடு சரியாக இருக்கிறது என்று பொருள். குற்ற உணர்ச்சியில் அவருக்கு எப்போதும் வாய் அதிகமாக ஓடும். குழி விளிம்பில் உட்கார்ந்து ஒரு கதையை எடுத்துவிட்டார்.

"இத கேளு கிளாஷா. நம்ம மாதிரி ஒருத்தன் மேனேஜர்கிட்டப் போயி, ஐயா சம்பளம்னு நின்னான். மேனேஜர் ஒரு மூட்டை டார்ச்சக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்தான். பொண்டாட்டி கேட்டா, இத வச்சு என்னய்யா திங்கறது? அவன் டார்ச்ச அமுக்கிக்கிட்டே..."

இங்கே அவர் நிறுத்தினார். நிறுத்தினால்தான் கதைக்கு ருசி. கீழே சத்தமில்லை. பொறுக்குகிறாள்.

"...அமுக்கிக்கிட்டே சொன்னான், தட்டுல ஒண்ணுமில்லைங்கறதையாவது இனி தெளிவாப் பாத்துக்கலாமேடி!"

தானே சிரித்தார். பதிலில்லை.

"சிரிக்க வேணாம். திட்டவாவது செய்."

பதிலில்லை.

"கிளாஷா. கோவமா?"

கோபம் என்றுதான் நினைத்தார். ஒரு முழுக் கதையையும் ஓட்டைக்குள் சொல்லி முடித்துவிட்டு, அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். அந்த நினைப்புக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத்தான் பின்னாளில் அவரால் கணக்குப் பண்ண முடியவில்லை.

குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டார். நாற்றத்தில் கண் எரிந்தது. தீக்குச்சியைக் கிழித்துக் கையை நீட்டினார். அணைந்தது. இன்னொன்று. அதே இடத்தில் அணைந்தது. சட்டைப்பையில் இருந்த செய்தித்தாளைக் கொளுத்திப் போட்டார். பாதி வழியில், தண்ணீரில் விழுந்ததுபோல, நெருப்பு காணாமல் போயிற்று. மிச்சக் காகிதம் கறுப்பாகக் கீழே இறங்கியது.

அப்போது யெஃபிமுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. பனிமேட்டில் நாலு காலில் ஏறினார். குழாய்க்குள் கையைத் தோள்வரை விட்டார். சட்டை உள்ளே ஈரத்தில் ஊறி, வாயில் பனிக்கட்டியாக இறுகியிருந்தது. சட்டையின் ஒரு கை கிழிந்து அவர் கையோடு வந்தது. மிச்சத்தையும் இழுத்தார். குழாய் வாயிலிருந்து கெட்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது.

"நிக்கனோர்! கயிறு! கயிறு கொண்டா!"

நிக்கனோர் ஓடி வந்தார். அதே நேரத்தில் சரிவின் கீழே சறுக்குவண்டியை விட்டுவிட்டு ரோதியோனும் ஓடி வந்தான். திறந்த குழியையும் அப்பாவையும் பார்த்தான். யாரும் அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கோட்டைக் கழற்றி வீசிவிட்டு ஏணியில் கால் வைத்தான்.

யெஃபிம் விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டார்.

"விடுங்கப்பா!"

"எறங்காத."

"அம்மா கீழ இருக்காங்க!"

"தெரியும்டா. நீ போனா நீயும் அங்கதான் இருப்ப. நிக்கனோர், புடி அவன!"

"மூச்ச அடக்கிட்டுப் போயி இழுத்துட்டு வந்துடுவேன். ஒரு நிமிஷம். விடுங்கன்னா!"

விடவில்லை. ரோதியோன் இன்னொரு காலால் உதைத்தான். பூட்ஸ் யெஃபிமின் வாயில் பட்டது. பல் ஒன்று நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. துப்பவும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பிடி தளருமோ என்ற பயம். நிக்கனோர் பின்னாலிருந்து அவனைக் கட்டி, பனியில் உருட்டி, நெஞ்சின்மேல் உட்கார்ந்தார். மற்ற குழிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு அண்ணனும் தம்பியும் ஒருவரைத் தேடி ஒருவர் ஒரே குழிக்குள் இறங்கி, இருவருமே திரும்பாத கதை அந்தச் சரிவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் ரோதியோனின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஓர் ஆட்டுத்தோல் கோட்டைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டுத் தூக்கினார்கள். விட்டார்கள், தூக்கினார்கள். கெட்ட காற்றை அப்படித்தான் கலக்கவேண்டும். யெஃபிம் காகிதம் காகிதமாகக் கொளுத்திப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று பாதியில் அணைந்தது. அடுத்தது சற்றுக் கீழே. கடைசியில் ஒன்று தரை வரைக்கும் போய், அங்கே கிடந்து எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கிளாஷாவின் கம்பளிக் காலணி தெரிந்தது.

"இப்பப் போ," என்றார் மகனிடம்.

இடுப்பில் கயிற்றோடு ரோதியோன் இறங்கினான்.

அவளை மேலே கொண்டுவந்தபோது முன்துணியில் நல்ல கிழங்குகள் மடித்துக் கட்டியிருந்தன. டார்ச் கைக்குள் இருந்தது. ரோதியோன் அவள் வாயில் ஊதினான். நெஞ்சை அழுத்தினான். நிக்கனோர் தோளைத் தொட்ட பிறகும் அழுத்திக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிற்று.

குழாயிலிருந்து இழுத்த பஞ்சுச் சட்டை பனிமேல் கிடந்தது. அது யார் சட்டை என்று சரிவில் எல்லோருக்கும் தெரியும். ரோதியோன் அதைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

அடக்கத்துக்குத் தோண்டியவர்கள் டயரைக் கொளுத்தி மண்ணை இளக்கவேண்டியிருந்தது. மேல்மண் கல்லாக இருந்தது. ஒரு ஆள் மார்பளவு போனதும் கடப்பாரை மெத்தென்று இறங்கியது. "கீழ எப்பவும் உறையாது," என்றார் நிக்கனோர், ஏதாவது சொல்லவேண்டுமே என்று. அதனால்தான் நாம் கிழங்கைக் கீழே வைக்கிறோம் என்று யெஃபிம் சொல்ல வாயெடுத்தார். பல் போன இடத்தில் நாக்கை வைத்து அடைத்துக்கொண்டார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்தார்கள். "பையனையாவது காப்பாத்துனியே குஸ்மிச்," என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மையாக இருக்கலாம். அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது ரோதியோன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம் விட்டிருந்தா போதும்."

அதுவும் உண்மையாக இருக்கலாம். யெஃபிம் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. சாய்ந்திருந்தால் ஒருவேளை தூங்கியிருப்பார். அதற்குப்பின் மகன் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் எழுந்து சுற்றிவந்து எடுத்துக்கொண்டான். யெஃபிமும் முப்பது வருடமாக அந்த வீட்டில் ஓடிய வாயை மூடிவைத்தார். மூடினபின்தான், வீட்டில் பேசிக்கொண்டிருந்தது தான் மட்டுமல்ல, தன்னைத் திட்டிய குரலும்தான் என்று புரிந்தது.

ஒன்பதாம் நாள் சடங்குக்கு வீட்டில் கிழங்கில்லை. நிக்கனோர் வீட்டிலிருந்து ஒரு வாளி வந்தது. அதில் இறந்தவளுக்கென்று ஒரு தட்டு வைத்தார்கள். அவள் கண்ணாடிக் குவளையை வழக்கப்படி ரொட்டித் துண்டால் மூடினார்கள். கறுப்பு ரொட்டி. கூடவே இரவல் கிழங்கு. கிளாஷா பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டாள். பேத்தி கிழங்குக்காக இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். மருமகள் அவள் கையை மெல்ல இறக்கினாள்.

சரிவில் குழி இருந்தது இருந்தபடி கிடந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. மூடாமல் விட்டால் உறையும். மூடினால் அழுகல் மீதியையும் தின்னும். இன்னும் எத்தனையோ மாதம் குளிர்.

மறுநாள் யெஃபிம் தனியாகப் போனார். தேவாலயத்தில் கிளாஷாவின் சவப்பெட்டியருகே எரிந்த மெழுகுவர்த்தியின் கட்டை அவர் பையில் இருந்தது. வாளியில் நிறுத்தி, ஏற்றி, கயிற்றில் விட்டார். சுடர் தரையைத் தொட்டும் நின்றது. அது நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏணியில் பின்புறமாகத் திரும்பி, வலிக்கிற இடுப்பை ஒவ்வொரு படிக்கும் கெஞ்சிக் கெஞ்சி இறக்கினார்.

இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குழியின் அடியில் நின்றார். மேலேயிருந்து கதை சொல்லும்போது இவ்வளவு ஒடுக்கம் என்று தெரிந்ததில்லை. திரும்பினால் தோள் இடித்தது. மெழுகுவர்த்திக் கட்டை தீர்ந்துகொண்டிருந்தது. அது இருக்கும்வரை காற்று நல்லது என்று பொருள். வேலைக்கு டார்ச்சை எடுத்தார். அமுக்கினார்.

குழாய்ப் பக்கத்துத் தொட்டி போய்விட்டது. நடுத் தொட்டியில் பாதி. மூன்றாவதன்மேல் பீட்ரூட் அடுக்கு இருந்தது, கிளாஷா வைத்தபடியே, வாலெல்லாம் ஒரே பக்கம். பீட்ரூட்டுகள் பிசுபிசுத்திருந்தன. இரண்டைத் தூக்கிக் கீழே கைவிட்டார். கிழங்கு கல்லுமாதிரி இருந்தது. காய்ந்து, இறுகி, உறையாமல். இன்னும் தோண்டினார். அடிவரைக்கும் அப்படியே. குடும்பம் பிழைத்துக்கொள்ளும். அவள் சொல்பேச்சைக் கேட்ட கிழங்காவது மிஞ்சியிருக்கிறது.

வாளியில் பொறுக்க ஆரம்பித்தார். டார்ச்சை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் எடுத்தார்.

மேலே வெளிச்சம் மங்கியது. அண்ணாந்து பார்த்தார். குழி வாயை மறைத்துக்கொண்டு ஒரு உருவம் மண்டியிட்டிருந்தது. இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. மறுமுனை வேலிக் கம்பத்தில்.

யெஃபிம் குனிந்தார். கிழங்கை எடுத்து வாளியில் போட்டார்.

"நிறுத்தாதீங்க," என்றான் ரோதியோன்.

"என்னது?"

"டார்ச்ச. நிறுத்தாம அமுக்குங்க."

"பொறுக்க ரெண்டு கை வேணும்டா."

"ஒரு கையால பொறுக்குங்க."

யெஃபிமின் வாயில் ஒரு பதில் வந்து நின்றது. நல்ல பதில். சரிவு முழுக்கச் சிரித்திருக்கும். அதை விழுங்கிவிட்டு டார்ச்சை எடுத்து அமுக்கினார்.

ர்ர்ர். ஒற்றைக் கையால் வாளி நிறைய நேரம் பிடித்தது. நிறைந்ததும் கயிற்றை ஆட்டினார். வாளி மேலே போனது, கொட்டும் சத்தம் கேட்டது, காலியாக இறங்கியது.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. பீட்ரூட்டுக்கு அடியில எல்லாம் நல்லாருக்கு."

மேலேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அது அவர்மேல் கோபமா, அம்மாமேல் துக்கமா என்று யெஃபிம் விசாரிக்கவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தார். பட்டறையில் அந்த டார்ச்சுக்குப் பல்சக்கரமும் சுருள்வில்லும் வைத்தது அவர் கைதான். இவ்வளவு கடினமான சுருள்வில்லை ஏன் வைத்தோம் என்று இப்போது தோன்றியது. விரல்கள் மரத்தன. வலது கை ஓய்ந்தபோது டார்ச்சை இடது கைக்கு மாற்றினார்.

இடையில் விழுந்த அந்த ஒரு நொடி அமைதியில் மேலே பலகை கிரீச்சிட்டது. ரோதியோன் ஏணியில் கால் வைத்துவிட்டான்.

ர்ர்ர், என்றது டார்ச்.

கால் மேலே போயிற்று.